சேனை வைத்த விரல்

மதினி மறுபடியும் கை கழுவுகிறாள்.

கோமு அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இதே வேலைதான். பாத்திரத்தைத் தொட்டால் கழுவுகிறாள், விளக்குமாற்றைத் தொட்டால் கழுவுகிறாள், ஒன்றையும் தொடாமலும் கழுவுகிறாள். புறவாசல் குழாயடியில் துணி சோப்பு பாதியாகத் தேய்ந்துவிட்டது. மதினியின் ஆள்காட்டி விரலில் தோல் வெளுத்து உரிந்திருந்தது.

சேனை வைத்த விரல் அது.

மதினி கோமுவின் புருஷனுக்கு அக்கா. பெயர் செண்பகவல்லி. தெருவில் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் செண்பகத்தைத்தான் முதலில் தேடுவார்கள். சீனித் தண்ணீரில் விரலை நனைத்துப் பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டு வைப்பாள். அதுதான் சேனை. சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. செண்பகம் சேனை வைத்த பிள்ளை சிணுங்காது என்று ஒரு பேச்சு. சிணுங்காத பிள்ளை உலகத்தில் ஏது? ஆனாலும் கைராசிக்காரி என்று தெருவே சேர்ந்து அவளுக்குப் பட்டம் கட்டியிருந்தது.

அதே விரல் சேனை வைத்த கோமுவின் பிள்ளை சிணுங்கவே இல்லை.

பால் குடிக்கவும் இல்லை. மறுநாள் முனகியது. மூச்சுக்குத் திணறி நெஞ்சுக்கூடு உள்வாங்கியது. நர்ஸுகள் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். திரும்பி வந்தபோது வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது.

பெண் பிள்ளை. பேர்கூட வைக்கவில்லை.

"சீனித் தண்ணியெல்லாம் யாரு குடுக்கச் சொன்னா?" என்று வார்டில் நர்ஸ் சத்தம் போட்டது அத்தையின் காதில் விழுந்துவிட்டது. அது போதாதா? பெற்ற மகள் என்றும் பார்க்கவில்லை. துக்கம் கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் அத்தை ஒரே பேச்சுதான் பேசினாள்.

"இவ கைதான் அள்ளிட்டுப் போயிட்டு."

இப்போது முன்வீட்டு அறையில் அத்தையோடு எதிர்வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள். அவள் மருமகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. வளைகாப்பு அன்றைக்கே செண்பகத்திடம் சேனைக்குச் சொல்லிவைத்தவள். இன்று குரலை இழுத்து இழுத்துப் பேசினாள்.

"நீங்களே சங்கடத்துல இருக்கீக. சேனைக்கு நாங்க வேற ஆளு பாத்துக்கிடுதோம்."

புறவாசல் வரைக்கும் கேட்டது. மதினி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டரம்மா கோமுவைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். பிள்ளையின் ரத்தத்தில் இருந்த கிருமியே அவள் உடம்பிலும் இருந்ததாம். கர்ப்பிணிகள் நிறையப் பேருக்கு அது இருக்குமாம். அவர்களை ஒன்றும் செய்யாது, இருப்பதே தெரியாது. பிரசவத்தின்போது எங்கோ ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டால், வலி கண்டதும் மருந்து ஏற்றிப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். சீனித் தண்ணீர் கொடுத்திருக்கக் கூடாதுதான், ஆனால் இது அதனால் வந்ததில்லை. யார் மேலும் தப்பு இல்லை.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். அவள் காதில் தங்கியது ஒன்றே ஒன்று.

உங்க உடம்புல இருந்தது.

சுமந்தது பிள்ளையை மட்டும் இல்லை.

புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை. பயம். மகளையே விட்டுவைக்காத வாய், மருமகளை விட்டுவைக்குமா? வந்து ஒரு வருஷம்கூட ஆகாத வீடு.

நெஞ்சு கனத்தது. ரவிக்கை மறுபடியும் நனைந்தது. பிள்ளை போனது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாலுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

மதினி சோப்பை எடுத்தாள்.

கோமுவுக்குப் பொறுக்கவில்லை. படியிறங்கிப் போய் மதினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். சொல்லும்போது மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதினியின் கை நின்றது.

"அப்ப என் கையில்லையா?"

"இல்ல மதினி."

மதினி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் ஒரு கணம் விடிந்தது. பிறகு முன்வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அத்தையின் குரல் இன்னும் ஓயவில்லை.

மதினி அவள் காதோரம் குனிந்தாள்.

"ஏ கோமு. அடுத்த பிரசவத்துக்கு டாக்டரம்மாட்ட மறக்காம சொல்லிரு. வேற ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாத. நீ இந்த வீட்டுல வாழணும். என் கைன்னே இருக்கட்டும்."

குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, முன்வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி மதினி கையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கோமுவுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அழுகை வந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு போனபோதுகூட அவள் இப்படி அழவில்லை.

"இன்னுமா கழுவுதா?" என்றாள் அத்தை உள்ளேயிருந்து. "கழுவுனா போயிருமா?"

கோமு கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

முன்வீட்டில் பேச்சு நின்றது.

மதினி வேண்டாம் என்று தலையாட்டினாள். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவள் விடவில்லை. அந்த ஈர விரலைப் பிடித்துக்கொண்டே முன்வீட்டைப் பார்த்துப் படியேறினாள்.