டெய்லரின் முதுகு

"சொல்லு, கெதான் பராய்னா?"

"கையை மேல தூக்கித் தடுக்கணும்."

"போச்சு! அது ஆகே உகே. கெதான் பராய் கீழ தடுக்கிறது."

கராத்தே பெல்ட் தேர்வு நாள். வகுப்பு வாசலில் நின்றபடி, அவள் கணவர் போனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மூன்றாவது முறையாக இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துக் கட்டினாள்.

"ஏங்க, பேசாம வீட்டுக்குப் போயிடலாமா?"

"ஏற்கெனவே ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. இதுவும் போச்சுன்னா சின்னப் பிள்ளைங்க பேட்ச்தான்னு நம்ம மாஸ்டர் சொல்லிட்டார். அங்க முன்னால நின்னு கட்டளை போடுறது யாரு? நம்ம பொண்ணு! நீ வீட்ல போடுற அதட்டலுக்கெல்லாம் மொத்தமா பழி தீர்த்துக்குவா."

"எரியுற நெருப்புல எண்ணெய ஊத்தாதீங்க. போன ரெண்டு தடவையும் தனியா நிக்க வெச்சுட்டாங்க, கைகால் ஓடலை. இன்னிக்கு வரிசையா நிக்கணுமாம். டெய்லர் தம்பிக்குப் பின்னால நின்னுட்டா போதும்."

"அவர் என்ன பண்ணுவார்?"

"தினம் வகுப்புல அவரைப் பார்த்துத்தானே ஓட்டுறேன்? அவர் கை போற பக்கம் என் கையும் போகும்."

"அடிப்பாவி, காப்பியா?"

"மெதுவாப் பேசுங்க!"

உள்ளே முன்சுவர்க் கண்ணாடியைப் பார்த்தபடி இரண்டே வரிசை. டெய்லர் முன்னால், அவள் ஓரடி விலகிப் பின்னால். தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த மாஸ்டருக்குச் சிரிப்பு என்பதே தெரியாது போலிருந்தது. கட்டளை எல்லாம் ஜப்பானிய மொழியில்தான்.

"ஹஜிமே!"

ஆரம்பித்தார்கள்.

"ஆகே உகே!"

டெய்லரின் கை உயர்ந்தது. அவள் கையும்.

"மாயே கெரி!"

டெய்லர் கால் நேராகப் பாய்ந்தது. அவள் காலும். அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"மாவாத்தே!"

டெய்லர் சட்டென்று திரும்பினார். அவளும் திரும்பினாள். திரும்பிய பிறகுதான் உறைத்தது. பின்வரிசை இப்போது முன்வரிசை. கண்ணெதிரே வெறும் சுவர். டெய்லரோ அவள் முதுகுக்குப் பின்னால்.

"கெதான் பராய்!"

மேலா? கீழா? யோசிப்பதற்குள் கை தானாகக் கீழே வெட்டியது. பின்னால் டெய்லரின் சட்டைக்கையும் சரக்கென்றது.

"மாவாஷி கெரி!"

போகிறது போ என்று காலைச் சுழற்றினாள்.

"யாமே!"

எல்லாரும் நின்றார்கள். மாஸ்டர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தபடி நேரே அவளிடம் வந்தார்.

"நீங்கதானே ரெண்டு தடவை பெயிலானது?"

"ஆ... ஆமாங்க மாஸ்டர்."

மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்கு உங்களுக்கு என்ன ஆச்சு? ஒரு தப்புகூட இல்லை. பாஸ். உங்க பின்னால நிக்கிறவரும் பாஸ்."

வெளியே வந்ததும் டெய்லரை ஓரமாக அழைத்தாள்.

"தம்பி, மனசுல வெச்சுக்க முடியலை. இத்தனை நாளா நான் உங்க முதுகைப் பார்த்துத்தான் எல்லாம் செஞ்சேன். இந்த ஜப்பான் வார்த்தை ஒரு மண்ணும் எனக்குத் தெரியாது."

டெய்லர் முகம் வெளிறிவிட்டது.

"விளையாடாதீங்கக்கா! எனக்கு மட்டும் தெரியுமா? முன்சுவர் முழுக்கக் கண்ணாடி இருக்கே, அதுல நான் தினமும் உங்களைப் பார்த்துத்தானே செஞ்சுக்கிட்டிருந்தேன்!"