கூம்புக் குண்டு

"அப்ப தையல் மெஷினையும் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ."

"கிரைண்டரு?"

"எடுத்துக்கோ."

அவன் தலையைத் தூக்கவில்லை. துப்பாக்கியை முழங்கால்களுக்கிடையில் நிமிர்த்தி வைத்து, எண்ணெய்த் துணியால் குழலின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வாய். முதலில் மருந்து, பிறகு குண்டு, இரண்டும் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

மேலே சாலையில் ஜீப் நின்றது. அவளுடைய பெட்டிகள் ஏறிவிட்டன. மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டு மாடி காலியாக இருக்கிறது. இனி அங்கேதான்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. அதைத்தான் அவளால் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

"மஞ்சக்காமாலையோட தனியா பஸ் ஏறிப் போயி ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டீங்க. பக்கத்துக் கட்டில்காரரு போன் பண்ணித்தான் எனக்கே தெரியும். 'உங்க வீட்டுக்காரரு கஞ்சி குடிக்க மாட்டேங்கறாரும்மா'ன்னு."

"உன்ன எதுக்குச் சிரமப்படுத்தணும்னு..."

"அதான்."

தேங்காய்ச் சிரட்டையில் குண்டுகள் கிடந்தன. அவனே ஈயம் உருக்கி வார்த்தவை. முனை கூம்பாக, அடியில் தேன்மெழுகு பூசி.

இவ்வளவு சின்னக் குழலுக்கு உருண்டைக் குண்டு சரிவராது. எடை போதாது. பள்ளத்திலிருந்து வரும் காற்று அதை ஒதுக்கிவிடும். கூம்பு கொஞ்சம் நீளம், கொஞ்சம் கனம். காற்றை அவ்வளவாகச் சட்டை செய்யாது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஆசையுண்டு. யாரும் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

"மெஷினுக்கு அப்புறம் ஆள் அனுப்பறேன்."

"சரி."

"உங்களையும் எடுத்துக்கட்டுமான்னு கேட்டாலும், எடுத்துக்கோன்னுதான் சொல்லுவீங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

அவன் கை வெடிமருந்துக் குப்பியின் மேல் நின்றது.

நின்ற கை, குப்பியைத் தாண்டி, சிரட்டைக்குப் போனது.

ஒரு குண்டை எடுத்துக் குழல்வாயில் வைத்தான். சின்னச் சுத்தியலால் தட்டினான். கம்பியால் அழுத்தினான். இறுக்கமாக, மெதுவாக, அடிவரை இறங்கியது.

"கிளம்பறேன்."

போய்ட்டு வரேன் என்று அவள் சொல்லவில்லை.

அவன் எழுந்து நின்று, குழலின் அடிப்பக்கத்தில் மருந்தைப் பற்றவைக்கும் பொட்டுக் கேப்பை மாட்டினான். சரிவின் அடியில், யூகலிப்டஸ் கட்டையில் ஒட்டிய காகிதத்தைக் குறிபார்த்தான்.

படியேறிக்கொண்டிருந்தவள் நின்றாள். இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து உள்ள பழக்கம்.

டிக்.

கேப்பு மட்டும் வெடித்தது. ஒரு கொட்டாங்குச்சி உடைகிற சத்தம்கூட இல்லை.

அவள் கைகள் காதிலேயே இருந்தன. காத்திருந்தாள். பிறகு கைகளை இறக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

அவன் துப்பாக்கியைக் கட்டையை நோக்கியே கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். எதுவும் நடக்கவில்லை. வெடித்த கேப்பை எடுத்துப் போட்டான். கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தான். மருந்தும் குண்டும் உள்ளே இருந்தால், கம்பியில் அவன் கீறி வைத்த கோடு குழல்வாய்க்கு நேராக நிற்க வேண்டும்.

கோடு உள்ளே போய்விட்டிருந்தது.

மருந்தே போடவில்லை.

இனி அந்தக் குண்டு போன வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கம்பி முனையில் திருகாணியை மாட்டி, ஈயத்துக்குள் திருகி, இழுக்க வேண்டும். ஒருவர் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் இழுக்க.

முன்பும் ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது. அன்று துப்பாக்கியைக் கொய்யா மரத்தில் கயிறு போட்டுக் கட்டி, அவன் ஒருவனாகவே இழுத்தான். உள்ளங்கை உரிந்துபோனது. சமையலறை ஜன்னலில் அவள் நின்றிருந்ததை அவன் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

திருகினான். ஈயம் பிடித்துக்கொண்டது. துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு இழுத்தான். கம்பியோடு துப்பாக்கியும் சேர்ந்து வந்தது.

மறுபடியும் இழுத்தான்.

மறுபடியும் வந்தது.

கயிறு கொட்டகையில்தான் இருந்தது. கதவு திறந்தே கிடந்ததால் இங்கிருந்தே தெரிந்தது.

மேலே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான். "அக்கா, பனி எறங்குது. ஏறுங்க, போலாம்."

அவள் ஒரு காலை ஜீப்பில் வைத்துவிட்டாள்.

அவன் கொட்டகையைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். அவ்வளவு தூரத்துக்கு யாரையும் கூப்பிட்டு அவனுக்குப் பழக்கமில்லை. முதல் தடவை வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது.

"பிரபா."

அவள் திரும்பினாள்.

"ஒத்தையா முடியல. கொஞ்சம் வந்து இதப் பிடிச்சுக்கறியா?"