சிவப்பு மை வேண்டும்

"என் ரெக்கார்டுல தப்பு கீது சார். நான் ஜெயிலுக்குப் போனதை எழுதாம உட்டுட்டாங்கோ."

மாணிக்கவாசகம் பேனாவைக் கீழே வைத்தார். முன்னாள் சிப்பாய்களின் பதிவேடுகளைத் திருத்தித் தரும் பிரிவில் பதினாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர். தண்டனையை எடுத்துவிடுங்கள் என்று அழுதவர்கள் உண்டு. சேர்த்துக்கொடுங்கள் என்று கேட்டு வந்த முதல் ஆள் இந்த வெள்ளைத்துரைதான்.

ஆளுக்கு ஐம்பத்தெட்டு வயசு. பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வாட்ச்மேன். படுக்கையும் அந்தக் கடை வாசலில்தான்.

"எதுக்கு ஜெயில்ல போட்டாங்க?"

"லீவு குடுக்கல. ஓடிட்டேன் சார். நாப்பத்திரெண்டுல. பதினோரு நாள் கழிச்சு நானே திரும்பிப் போனேன். இருபத்தெட்டு நாள் உள்ளே போட்டு, சீட்டுல சிவப்பு மையில எழுதினாங்கோ. என் கண்ணால பார்த்தேன்."

மாணிக்கவாசகம் அவர் நீட்டிய காகிதத்தைப் பார்த்தார். 'நடத்தை: மிகச் சிறப்பு.' சிவப்பு என்று ஒரு புள்ளிகூட இல்லை.

"பட்டாளத்துலேர்ந்து அனுப்பறப்போ புதுசா காப்பி எழுதினாரு எங்க கிளார்க்கு. 'போய்ப் பொழச்சுக்கடா'ன்னு அதை மட்டும் உட்டுட்டாரு. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாரு."

"அப்புறமென்ன? அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும்னு கும்பிட்டுட்டுப் போங்க. முப்பத்தொரு வருஷம் கழிச்சு இது எதுக்கு?"

"இப்பத்தான் சார் அவசியம் வந்துச்சு."

அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை தவறாமல் வந்தார். மற்ற சிப்பாய்கள் மகனோடு வருவார்கள், மருமகனோடு வருவார்கள். இவருக்குத் துணை என்று ஒரு நாயும் வந்ததில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பெயரைக் கூப்பிட்டால் விறைப்பாக எழுந்து நிற்பார். மத்தியானம் எல்லோரும் சோற்று மூட்டையைப் பிரிக்கும்போது மட்டும் வெளியே போய்விடுவார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

அந்தப் பாவம் தாங்காமல்தான் மாணிக்கவாசகம் ஒரு வழி தேடினார்.

"இங்க பாருங்க. கிண்டியில ஒரு கம்பெனி, கேட் காவலுக்குப் பட்டாளத்து ஆள் கேட்குது. தங்க ரூம் தர்றாங்க. நடத்தைச் சீட்டு சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான். உங்க பேரை அனுப்பறேன். இந்தச் சிவப்பு மையைத் தலைமுழுகுங்க."

வெள்ளைத்துரை நிமிர்ந்து பார்த்தார்.

"ரூம்புல கட்டில் கீதா சார்?"

"கட்டில், ஃபேன் எல்லாம் இருக்கு."

"வாணாம் சார். நீங்க அந்தத் திருத்தற காயிதத்தையே போடுங்கோ."

மாணிக்கவாசகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம், அதற்காவது ஒரு காரணம் இருக்கும். இந்த ஆளுக்கு என்ன கேடு?

பக்கத்து நாற்காலி ஜெயலக்ஷ்மி மெதுவாகச் சொன்னாள்: "ஏதோ கேஸ் சார். பழைய சொத்து விவகாரமா இருக்கும். அந்தத் தேதியில எங்கே இருந்தேன்னு கோர்ட்டுல காட்டணும். இல்லேன்னா எவனாவது கட்டிலையும் ஃபேனையும் வேண்டாம்பானா?"

சரிதான் என்று பட்டது. ஏமாளி என்று நினைத்தோமே, ஆள் பலே கைகாரன்! அன்றிலிருந்து மாணிக்கவாசகம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காகிதத்தை மட்டும் அனுப்பி வைத்தார்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. பழைய உத்தரவைத் தேடி எடுத்து, முத்திரை போட்டு, திருத்திய பதிவை அனுப்பியிருந்தார்கள்.

"இந்தாங்க, நீங்க ஆசைப்பட்ட அழுக்கு. கம்பெனி வேலை இனிமே கனவுதான். எந்தக் கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்க?"

"தேதி போட்டு கீதா சார்? கொஞ்சம் படிங்கோ."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, ஏப்ரல் ஒன்பது முதல் பத்தொன்பது வரை அனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை. இருபத்தெட்டு நாள் சிறை. போதுமா?"

"இன்னொரு தபா படிங்கோ சார்."

எரிச்சலோடு படித்துவிட்டு நிமிர்ந்தார் மாணிக்கவாசகம். வெள்ளைத்துரையின் கண் கலங்கியிருந்தது.

"கோர்ட்டு இல்ல சார். என் பொண்ணுக்கு."

"பொண்ணுக்கா?"

"ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு மெட்ராஸே காலியாச்சே, அப்போ என் சம்சாரம் தேவானை மயிலாப்பூருல காய்ச்சலா படுத்துக்கினு இருந்தா. அவ அக்கா எங்க கைக்கொழந்தையை மட்டும் தூக்கிக்கினு ஊரைப் பார்க்கப் போயிட்டா. சேதி தெரிஞ்சு ஓடியாந்தேன். தெருவுல ஈ காக்கா இல்ல. நான்தான் கஞ்சி வெச்சுக் குடுத்துக்கினு பக்கத்துலயே இருந்தேன். ஒம்பதாம் நாளு செத்துட்டா. நான் ஒருத்தனே கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டுக்குத் தூக்கிக்கினு போனேன்."

மாணிக்கவாசகம் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"சண்டை முடிஞ்சு வந்து பார்த்தா, அந்த அக்கா குடும்பம் எங்க போச்சுன்னே தெரியல. போன வருசந்தான் பொண்ணை அடையாறுல கண்டுபுடிச்சேன். 'எங்கம்மாவை அனாதையா சாவ உட்டவன்தானே நீ? பெரியம்மா சொல்லிக்கீறாங்கோ'ன்னு கதவைச் சாத்திட்டா. அவளுக்குக் காட்ட எனக்கு வேற யார் சார் கீறாங்கோ? நான் தேவானை பக்கத்துல இருந்தேன்னு சொல்ல, இந்தத் தண்டனை ஒண்ணுதான் சார் சாட்சி."