இடப்பக்கம் இழுக்கிறது

வண்டி மூன்றாவது முறையாக மேடையில் ஏறி நின்றது.

திரையில் எல்லாக் கோடுகளும் பச்சை. ஜஹாங்கீர் ஒவ்வொன்றாக விரலால் தட்டிக் காட்டினார். ரூத் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடப்பக்கம் இழுக்குது, பாய்."

ஞாயிற்றுக்கிழமை காலை. டோல்கேட்டில் ஜஹாங்கீரின் வீல் அலைன்மென்ட் கடை மட்டும்தான் திறந்திருந்தது. ராயபுரத்துச் சர்ச்சில் இந்நேரம் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருப்பார்கள். பூசையை விட்டுவிட்டு இங்கே வந்து நிற்கிறாள் இவள்.

பழைய கார். கிளட்ச் இல்லாத ரகம். பெண்கள் ஓட்டச் சுலபம் என்று வாங்கியிருப்பாள் என ஜஹாங்கீர் நினைத்துக்கொண்டார். கடல்காற்றில் துருப்பிடித்து முன்பக்க ஸ்பிரிங் ஒன்று உடைந்துபோயிருந்தது. முந்தின நாள் இரண்டு பக்கமும் அவரே புதிதாக மாட்டினார். புது ஸ்பிரிங் போட்டால் வண்டி கொஞ்சம் எழும்பி நிற்கும். சக்கரம் பார்க்கும் திசை மாறிப்போகும். அதை நேராக்கத்தான் இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார். டீ சொல்லிவிட்டு, அது வருவதற்குள் முடிந்துவிடும் வேலை.

முடியவில்லை.

நேராக்கிக் கொடுத்தார். ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். இழுக்கிறது என்றாள். மறுபடி நட்டைத் தளர்த்தி, இம்மியளவு திருகி, இறுக்கிக் கொடுத்தார். போனாள். வந்தாள்.

"ரோடே எடப்பக்கம் சாஞ்சிதான்கா கீது. மழத்தண்ணி வழியணும்ல? ஒத்த வெரல வெச்சிப் புடிச்சா போதும், நேரா பூடும்."

"ரோட்ட நான் மாத்த முடியாது பாய். வண்டிய மாத்துங்க."

அவள் குரலில் சண்டை இல்லை. கெஞ்சலும் இல்லை. அதுதான் ஜஹாங்கீருக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் வேறு கடையைப் பாருங்கள் என்று அனுப்பியிருப்பார். எண்ணூரிலிருந்து வரும் டிரெய்லர்க்காரன் எவனாவது இப்படிக் கேட்கிறானா? பாதி ஸ்டியரிங் சும்மா சுற்றும். அவன்பாட்டுக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவான்.

ஆனாலும் ஜாக்கியை எடுத்தார். முன்பக்க டயர் இரண்டையும் கழற்றி, இடதை வலதில் போட்டார், வலதை இடதில் போட்டார். சில நேரம் குற்றம் டயரிலேயே இருக்கும். எந்தத் திரையும் அதைச் சொல்லாது.

"வாங்க, நானே கூட வரேன்," என்று இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் கிளம்பட்டும்.

எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்கள் ஓரம் கட்டித் தூங்கின. கல்லடுக்குக்கு அந்தப் பக்கம் கடல் வெயிலில் தகரம்போல் மின்னியது.

"கைய வுடுங்க."

ரூத் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாள்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஓரத்து வெள்ளைக் கோடு கிட்டேயும் வரவில்லை, எட்டியும் போகவில்லை.

ஜஹாங்கீர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு சிரிப்பை எதிர்பார்த்தார். அவள் பிடித்து வைத்திருந்த மூச்சை மட்டும் விட்டாள். பிறகு இன்னொரு தடவை கையை எடுத்துப் பார்த்தாள். மேடு பள்ளத்தில் பார்த்தாள். மெதுவாகப் போகும்போது பார்த்தாள்.

காசிமேடு வந்ததும் ஓரமாக நிறுத்தினாள். மதில் நிழலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரர், பேரு சாவியோ. நேத்துதான் அவருக்கு மறுபடி லைசென்ஸ் குடுத்தாங்க," என்றாள். "நீங்க பின்னாடி குந்திக்கங்க பாய். கடையில எறக்கி வுட்டுர்றோம்."

ஜஹாங்கீர் இறங்கிப் பின்னால் ஏறினார். ரூத் அவர் இருந்த இடத்துக்கு மாறிக்கொண்டாள். சாவியோ வண்டியைச் சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கக் கதவை இடதுகையால் திறந்தார்.

வலப்பக்கச் சட்டைக்கை மடித்து, தோளோடு சேர்த்து ஊக்குக் குத்தியிருந்தது.

"ரொம்பப் பேஜார் பண்ணிட்டாளா பாய்?" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் ஜஹாங்கீர்.

ரூத் எட்டி, கணவருக்குக் குறுக்காக பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சாவியோ வண்டியைத் திருப்பி, டோல்கேட் பக்கம் விட்டார். ஒற்றைக் கை ஸ்டியரிங்கின் உச்சியில் அமர்ந்திருந்தது. நிதானமான ஓட்டம். முன்னால் ஒரு டிரெய்லர் ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்ட வேண்டும்.

சிக்னல் போடும் குச்சி ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம்.

சாவியோவின் இடதுகை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனது.

அந்தக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் யார் கையும் இல்லை.

டிக், டிக் என்று சிக்னல் அடித்தது. கை திரும்பி வந்தது. வண்டி வலப்பக்கம் ஒதுங்கி, டிரெய்லரைத் தாண்டி, மறுபடி தன் வழிக்கு வந்தது.

இரண்டு இருக்கைக்கும் நடுவே தன் கை நீண்டிருப்பதை ஜஹாங்கீர் அப்போதுதான் பார்த்தார். எப்போது நீட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. மெதுவாக இழுத்துக்கொண்டார்.

முன்னால், ரூத் கண்களை மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்கிப்போயிருந்தாள்.