மாதம் ஒரு படம்

“தம்பி, ஒருக்கா அமத்த உது பத்துப் படம் அடிக்குது. எனக்கு ஒரே மூஞ்சை பத்து வேண்டாம்.”

மார்கிரட் அன்ரி இப்படிச் சொன்னதும் டிலக்ஷனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கலியாண வீடுகளில் படமெடுத்துப் பழகிய கை. தாலி கட்டும்போது கண் மூடாத படம் ஒன்றாவது கிடைக்கட்டும் என்று கமரா எப்போதும் தொடர்ந்து அடிக்கிற ‘பேர்ஸ்ட்’ முறையிலேயே கிடக்கும். பொத்தானை அமத்தினால் படபடவென்று பத்து விழும்.

அன்ரி கேட்டது வேறு. பன்னிரண்டு படம், பன்னிரண்டு சேலை. ஒன்று கிணற்றடியில், ஒன்று மழையில் குடையோடு, ஒன்று கிறிஸ்மஸுக்குச் சோடித்த நத்தார் மரத்தடியில். பார்ப்பவனுக்கு ஒரு வருஷம் போனது போலத் தெரிய வேண்டுமாம். விசாவுக்கு இப்படிக் கள்ள அல்பம் கேட்டு வந்தவர்களை அவன் கண்டிருக்கிறான். ஆனால் பருத்தித்துறை முழுக்கத் தெரிந்த ரீச்சர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற மனுசி, இவருக்கு என்ன வந்தது? மனம் கேட்காமல் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

“வயித்திலை கான்சர். ரெண்டு மாதமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்,” என்றார் அன்ரி. “மகன் ஜொனதன்ரை அகதிக் கேஸ் லண்டனிலை நடக்குது. நான் செத்தது தெரிஞ்சா எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்திடுவான். வந்தா கேஸ் முடிஞ்சுது. தீர்ப்பு வருமட்டும் மாதம் ஒண்டா மகள் அனுப்பட்டும்.”

டிலக்ஷன் கமராவை ஸ்டாண்டில் பூட்டி, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே அடிக்கும்படி இன்ரவலில் போட்டான். அதற்கிடையில் அன்ரி சேலை மாற்ற வேண்டும்; வெயில் நகர நிழலும் மாறிவிடும். நத்தார் மரம் சோடிக்கவும் வாளித் தண்ணீரை மழையாக ஊற்றவும் அவனுக்கும் கை வேண்டும்.

மகள் ஜொய்சி சேலைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்ற தாய் இப்படி நிற்கும்போது பாவம் அவள்தான் என்ன பேசுவாள்?

ஆறாவது சேலையில் அன்ரிக்கு மூச்சு வாங்கியது. சிரிக்கச் சொல்ல டிலக்ஷனுக்கு வாய் வரவில்லை. அவராகவே சிரித்தார். பிறகு கதிரையில் சாய்ந்து, மகளின் போனை வாங்கி மகனின் படங்களைக் காட்டினார். ஊரோடு போனில் கதைத்தால் கேஸுக்குக் கூடாது என்று லோயர் சொன்னாராம். அதனால் மாதம் ஒரு படம் ஜொய்சிக்கு அனுப்புவானாம். இந்தப் பதினொரு மாதத்தில் பதினொன்று.

“பாருங்கோ தம்பி, மாதாமாதம் கொஞ்சம் கொழுத்துக்கொண்டு வாறான்.”

டிலக்ஷன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். போட்டிருந்தது பதினொரு விதச் சேட்டு. சுவர், பூங்கா, ரயில் நிலையம் என்று இடங்களும் மாறியிருந்தன. ஆனால் பதினொன்றிலும் கீழுதட்டுக்குக் கீழே நாடியில் அதே சவர வெட்டு, அதே இடத்தில், இரத்தம் சரியாகக் காயாமல். திடுக்கிட்டு நிமிர்ந்தான். தாயின் கதிரைக்குப் பின்னால் நின்ற ஜொய்சி, வேண்டாம் என்று கண்ணால் மன்றாடினாள்.

“ஓம் அன்ரி, நல்லாக் கொழுத்திட்டார்,” என்றான் டிலக்ஷன்.

அன்ரி சந்தோஷமாக ஏழாவது சேலை மாற்ற உள்ளே போனார். ஜொய்சி கிட்ட வந்தாள்.

“லண்டன் போகப் பிரான்சிலை போட் ஏறுறதுக்கு முதல்நாள், தனக்கு ஏதும் நடந்தா அம்மாவுக்கு மாதம் ஒண்டாக் காட்டச் சொல்லி, அண்ணை எல்லாத்தையும் ஒரே நாளிலை எடுத்து அனுப்பினவர்,” என்றாள். “அந்தப் போட் கரைக்கு வரேல்லை.”