ஐந்து மில்லி

ஐந்து மில்லி பிப்பெட்டின் மேல்முனையை ஆள்காட்டி விரலால் அடைத்தாள்.

விரல் ஈரமாக இருந்தது. ஈர விரலுக்கு நீர் நிற்காது. மாணவிகளிடம் ஆண்டுதோறும் சொல்வதுதான். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி உறிஞ்சினாள்.

மறுபடியும் ஈரம். வியர்வை.

மேசைமேல் அந்த மூடி இருந்தது. வலிப்பு மருந்துப் புட்டியோடு வருவது. மங்கலான வெள்ளை பிளாஸ்டிக். பக்கவாட்டில் ஐந்து மில்லிக்கு ஒரு கோடு.

வாசலில் ஆய்வக உதவியாளர் தங்கப்பழம் சாவிக்கொத்தோடு நின்றார்.

"சனிக்கெழமையும் விட மாட்டீங்களா டீச்சர்? அந்தப் பிப்பெட்டுக்காவது லீவு குடுங்க."

பிறகு மூடியைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. அவள் கேட்காமலே மின்விசிறியை அணைத்துவிட்டு வெளியே நடந்தார்.

காற்று நின்றதும் குவளையில் நீர் ஆடுவது நின்றது.

விரலை இன்னொரு முறை துடைத்தாள்.

காலையில் கணவன்தான் மூடியைக் கைக்குட்டையில் பொதிந்து கொடுத்தான். "அங்க வச்சு அளந்து பாரு. மூடிதான் தப்பா இருக்கும்."

மகள் ஷெர்லினுக்கு எப்போதும் அவள்தான் மருந்து கொடுப்பாள். விடைத்தாள் திருத்த வெளியூர் போயிருந்த அந்த ஒரு வாரம் அவன் கொடுத்தான்.

அந்த வாரக் கடைசியில் ஷெர்லினுக்கு வந்த வலிப்பு நிற்கவில்லை.

மருந்து கொடுத்தாலும் சில பிள்ளைகளுக்கு இப்படி வந்துவிடும் என்றார் மருத்துவர். அவன் தலையாட்டினான். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் புட்டியைக் குப்பையில் போட்டான். மூடியைப் போடவில்லை.

மூடி தப்பாக இருக்க வேண்டும். கோடு ஒரு நூல் கீழே விழுந்திருந்தால் போதும். அவன் கைமேல் பழி இல்லை.

பிப்பெட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள். நீரின் வளைவு மெல்ல இறங்கியது. வளைவின் அடி கோட்டைத் தொட்டதும் விரலை அழுத்தினாள்.

முனையை மூடியின் உள்சுவரில் சாய்த்து நீரை விட்டாள்.

கடைசித் துளி முனையிலேயே தங்கியது. அதை ஊதித் தள்ளக் கூடாது. தள்ளினால் அளவு கூடிவிடும். மூடியில் நீர் கோட்டைத் தாண்டி நிற்கும். மூடி தப்பு என்று ஆகிவிடும்.

உதடு பிப்பெட்டின் அருகே போனது.

ஊதவில்லை.

குனிந்து, மேசை விளிம்பில் தாடையை வைத்துப் பார்த்தாள். நீர் கோட்டில் நின்றது. ஒரு இழைகூட மேலே இல்லை.

கொட்டினாள். மறுபடி அளந்தாள். மறுபடியும்.

மூடி சரி.

இப்போதெல்லாம் தினமும் காலையில் அவன் அடுப்பு மேடையில் இந்த மூடியை வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பான். ஊற்றுவான், பார்ப்பான், கொட்டுவான். அவள் பால் காய்ச்ச வரும்வரை. நின்றபடியேதான் பார்ப்பான். நல்ல உயரம் அவன்.

மேலே இருந்து பார்த்தால் குறைவாக இருப்பதும் நிறைவாகத் தெரியும். வாய் அகன்ற பாத்திரத்தில் இன்னும் மோசம். கண்ணை இறக்குங்க பிள்ளைகளா, கண்ணை இறக்குங்க.

முக்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். அவன் உயரம் வந்தது.

அங்கிருந்து, நீர் கோட்டைத் தொட்டதாகத் தெரியும்வரை ஊற்றினாள்.

இறங்கினாள். அளவுசாடியை அருகே நகர்த்தினாள். மூடியில் இருப்பதை அதில் ஊற்றினால் தெரிந்துவிடும். ஐந்தா. ஐந்துக்கு எவ்வளவு குறைவு.

மூடியைச் சாடியின் வாய்க்கு நேரே பிடித்தாள்.

பிடித்தபடியே நின்றாள்.

தொட்டியில் கொட்டினாள். குழாயையும் திறந்துவிட்டாள்.

வீட்டு வாசலிலேயே காத்திருந்தான். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தது அவனுக்குத் தெரியவில்லை.

"மூடி சரியாத்தான் இருக்கு," என்றாள். "நீங்க குடுத்ததும் சரியாத்தான் இருந்திருக்கும்."

கைக்குட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அவளும் பின்னால் போனாள்.

மூடியை அடுப்பு மேடையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

பிறகு மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டான். கண்ணைக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்தான்.



"நீ எப்படிப் பாத்த?" திரும்பாமலே கேட்டான். "குனிஞ்சா, நின்னுக்கிட்டா?"

அவள் விரலை முந்தானையில் துடைத்தாள். விரல் காய்ந்துதான் இருந்தது.