ஊர்ப் பங்கு

“எனக்கு நாதியில்லைன்னு எப்படிங்க சாமி சொல்லுவேன்? இந்தா நிக்கிறாகளே ஐயா, இவுகதேன் எனக்கு நாதி.”

மலையம்மாள் கை நீட்டிக் காட்டியது ஞானசிகாமணியை. மனுஷனுக்குத் தலையில் இடி விழுந்தது மாதிரி ஆகிவிட்டது.

ஆகாதா பின்னே? அந்த முப்பத்தொன்றாம் வருஷம் ஏலக்காய் விலை விழுந்து, மலை எஸ்டேட்டுகளில் ஆள் குறைத்தபோது, போக்கிடமில்லாமல் போடிக்கு இறங்கி வந்த சனம், மலையம்மாளும் மற்றவர்களும். சந்தைக் கொட்டகைதான் வீடு. அதற்கும் பாதிக் கூரை இல்லை. ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது. இவர்களுக்கு ஒரு தங்கும் வீடு கட்ட சர்க்கார் மானியம் கேட்டு மனு மேல் மனு போட்டு, தன்னுடைய இலவம்பஞ்சு வியாபாரத்தைக்கூடக் கவனிக்காமல் அலைந்து, இன்றைக்குத்தான் தாசில்தாரைக் கொட்டகைக்கு வரவழைத்திருந்தார் ஞானசிகாமணி.

அதுவும் நேற்றே வந்து பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“தாசில்தார் கேட்டா, எங்களுக்கு நாதியில்லைன்னு சொல்லிருங்க. நாதி இருக்குன்னு தெரிஞ்சா மானியம் வராது. வேற ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

எல்லாரும் மண்டையை மண்டையை ஆட்டினார்கள். மலையம்மாள் மட்டும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

தாசில்தார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “இவரா? இவர் உனக்கு என்ன செய்கிறார்?”

“மழையில நனையவிடாம எங்களைய...”

“பொய்யிங்க,” என்று குறுக்கே பாய்ந்தார் ஞானசிகாமணி. “சுத்தப் பொய். இவளுக்கு நான் ஒரு துரும்பக்கூட எடுத்துப் போட்டதில்ல. வேணும்னா வேதப் புஸ்தகத்துல கை வச்சுச் சொல்றேன்.”

மலையம்மாள் திகைத்துப்போய் நின்றாள். அவள் கொண்டையில் வெள்ளையாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. அடுப்புச் சாம்பலாக்கும் என்று ஞானசிகாமணி நினைத்துக்கொண்டார். குளிக்கவும் தெரியவில்லை, பேசவும் தெரியவில்லை.

பின்னாலிருந்த சனத்தில் சின்னக்கருப்பு எழுந்தான். “அவ சொல்றது நெசந்தேன் சாமி. ஐயா மட்டும் இல்லேன்னா எங்க புள்ளைக குளிர்க்காய்ச்சல்லயே போயிருக்கும்.”

“ஏலே, நீயுமா?”

தாசில்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மனுவைப் புரட்டினார்.

“இதில் என்ன எழுதியிருக்கிறீர்? சர்க்கார் பாதி கொடுத்தால் ஊர்ப் பங்கு பாதியை நாங்கள் போடுகிறோம், இப்போதும் எங்களால் இயன்றதைச் செய்துதான் வருகிறோம் என்று எழுதியிருக்கிறீர். இங்கே நின்றுகொண்டு ஒரு துரும்புகூடப் போட்டதில்லை என்கிறீர். எதை ஐயா நான் நம்புவது?”

தாசில்தார் மனுவை மடித்தார்.

“நாளைக் காலையில் கிளம்புகிறேன். அதற்குள் ஊர்ப் பங்கு என்று கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது காட்டும். இல்லையென்றால் மனுவை மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

ஞானசிகாமணி ஊர்ப் பங்கு கேட்டுக் கடைவீதி முழுக்க ஏறி இறங்கினார். சுருளிவேல் கடையில் அடுத்த அறுப்புக்குப் பார்ப்போம் என்றார்கள். ராஜமணி கடையில், அதான் சர்க்கார் தரப்போகுதே, நாம எதுக்கு என்றார்கள். பொழுது சாயத் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தார்.

“இந்த ஊருக்கு ஈவு இரக்கமே கெடையாது கிருபா.”

மனைவி கிருபாவதி தலை துவட்டத் துண்டை நீட்டினாள்.

“அதுகூடப் போகட்டும். அந்த மலையம்மா வாய் கூசாம என்னையக் கை காட்டுறா. அவளுக்கு நான் என்னத்தச் செஞ்சேன்?”

“நம்ம பஞ்சு குடோன் சும்மாத்தான கெடக்கு, அந்தச் சனத்தப் படுக்கவிடுவோமான்னு போன மாசம் கேட்டேன். நெனப்பிருக்கா?”

“இருக்கு. சர்க்கார் செய்ய வேண்டியத நாம செஞ்சா அது கைய மடக்கிக்கிரும், சாவியத் தொடாதன்னு சொன்னேன். அதுக்கென்ன இப்ப?”

கிருபாவதி இடுப்பிலிருந்து குடோன் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மாசியில் இலவங்காய் இறங்குகிற வரைக்கும் மாடத்தில் தூசி படிந்து கிடக்க வேண்டிய சாவி. இவள் இடுப்புக்கு எப்படி வந்தது? மலையம்மாளின் கொண்டை கண்முன்னே வந்தது. வருஷம் பூராவும் பஞ்சில் புரளுகிற மனுஷனுக்கு அது பஞ்சு என்று தெரியாமல் போயிற்றே.

“எப்ப இருந்து?”

“மழை புடிச்சதுல இருந்து. பொழுது சாய வந்து படுத்துட்டு, விடிஞ்சதும் கொட்டகைக்குப் போயிருவாக.”

“ஊர் முன்னால அவளப் பொய்க்காரின்னு சொல்லிட்டேனே. செஞ்சது நீ. ஒன்னையக் காட்டாம என்னைய ஏன் காட்டுனா?”

“அவ பொய் சொல்லலைங்க. பொய் சொன்னது நாந்தேன். ஐயாவுக்குத் தெரியாம நாங்க உள்ள வரமாட்டோம்னு மழையிலயே நின்னாக. ஐயாதேன் தெறந்துவிடச் சொன்னாகன்னு சொல்லித்தேன் உள்ள கூப்புட்டேன்.”

ஞானசிகாமணி கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்குத் தாசில்தார் கேட்டா நீங்களும் அதையே சொல்லிருங்க,” என்றாள் கிருபாவதி. “வேற ஒரு வார்த்தை பேசக்கூடாது.”